புதன்கிழமை, பழைய ஆய்வகம்

வாட்ச்மேன் வேலப்பன் நோட்டை நீட்டுவார்.
பெயர்: எட்வின் ஞானாபரணம்.
வந்த காரணம்: பிள்ளைகளோடு பேச.
பெயருக்கு முன்னால் 'அருள்திரு' போடும் பழக்கத்தைக்
கை இரண்டாம் வாரமே விட்டுவிட்டது.

கழுத்துப்பட்டை பைக் பெட்டிக்குள்,
மழைக்கோட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில்.
வேதப்புத்தகம் குலசேகரத்தில், வீட்டு மேசையில்.
கல்வி அலுவலகத்தின் கடிதம் மட்டும் பையில்:
பிரசங்கம் கூடாது, துண்டுப்பிரதி கூடாது,
பிள்ளைகளின் போன் நம்பர் வாங்கக் கூடாது.

தந்த இடம் பழைய ஆய்வகம்.
உடைந்த தராசு, கந்தக நெடி,
ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள்
சிரட்டை கட்டி நிற்கும்.
"கதவ மூடண்டாம் சாரே,
தப்பா எடுக்காதீங்க" என்றார் ஸ்ரீலேகா டீச்சர்.
எடுக்கவில்லை.
எண்பத்திரண்டில் எனக்கு ஆறு வயது.
சந்தையில் எல்லாக் கடையும் ஒன்றாய் நிரைப்பலகை போட்ட சத்தம்
இன்னும் காதில் உண்டு.
கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தேன்.

கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கப் பழகினேன்.
அதுவும் இங்கே சரிதானா என்று
ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்தது.
இன்னும் தீரவில்லை.

ஒன்பதாம் வகுப்பு அனுஜித்.
அப்பா மரம் முறிந்து விழுந்து போனவர்.
"நீங்க ஐயருதானே?
நாங்க அம்மன் கோயிலுக்குப் போறவங்க.
எனக்க அப்பா எங்க போயிருப்பாரு?"
எல்லா அடக்க ஆராதனையிலும்
நான் சொல்லிவந்த பதில்
நாக்கு நுனியில் வந்து நின்றது.
தண்ணீர் குடித்தேன்.
"வீட்டுல என்ன சொல்லுகாவ?"
"காக்காவா வருவாருண்ணு அம்மை சொன்னா."
"வந்தாரா?"
"மீன்கறி வச்சா மட்டும் வருகாரு."
சிரித்தோம்.
சிரித்து முடித்த பிறகுதான் அவன் அழுதான்.
மணி அடித்தும் நான் எழும்பவில்லை.

அடுத்து வந்தவள் என் சபைப் பிள்ளை.
பெயரை எழுதமாட்டேன், வகுப்பையும்.
"ஆருட்டயும் சொல்லமாட்டேண்ணு
சத்தியம் பண்ணுங்க ஐயரே."
"பண்ணமாட்டேன் மக்கா.
ஒனக்கு ஆபத்துண்ணா
சொல்லவேண்டிய ஆளுட்ட சொல்லியே ஆவேன்.
அது தெரிஞ்சுட்டு பேசு."
எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.
மேசையில் யாரோ ஆணியால் கீறிய பெயரை
விரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.
பிறகு சொன்னாள்.

ஆர்மோனியம் வாசிக்கிறவர்.
ஞாயிறுதோறும் எனக்குச் சுருதி தருகிறவர்.
என் மகளின் ஞானஸ்நானத்துக்கு
ஒரு பவுன் சங்கிலி போட்டவர்.

"நீ செய்த தப்பு ஒண்ணும் இல்ல" என்றேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
அந்த அறையில் எடுக்கவே இல்லை.
டீச்சர் அறைக்கு அவளே முன்னால் நடந்தாள்.
1098.
டீச்சர் கேட்டார், "நான் பேசட்டா?"
கேட்டது நான், நானே பேசினேன்.
தெரிந்த பெயரை
எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ராத்திரி முற்றத்தில் மூன்று பைக்.
கமிட்டிக்காரர்கள்.
"நம்ம சபைக் காரியத்த
நம்ம சபைக்குள்ள முடிச்சிருக்கலாமே?"
"பள்ளிக்கூடத்துல கேட்டது."
"அப்போ எங்களுக்கு நீங்க ஆரு?"
பிரேமி வைத்த கட்டஞ்சாயாவை ஒருவரும் தொடவில்லை.
சொல்ல பதில் இருந்தது.
அதைச் சொன்னால்
அவள் யார் என்று தெரிந்துவிடும்.
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு ஆர்மோனியத்தின் மேல் துணி கிடந்தது.
யாரோ பாட்டை உயரத் தொடங்கிவிட்டார்கள்.
இரண்டாம் சரணத்தில் ஆண்கள் குரல் உடைந்து நின்றது.
பெண்கள் பக்கம் மட்டும்
கடைசிவரை போனது.

சங்கிலியை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறோம்.
எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை.

புதன்கிழமை.
நோட்டு, கையெழுத்து, செங்கல்.
முதல் மணிக்கே அனுஜித்
தலையை மட்டும் நீட்டினான்.
"சாரே, நேத்தைக்கு
வெறும் சாம்பாருக்கும் வந்தாரு."